ஐந்தருவியில் ஒட்டிய கண்ணாடி

சொரிமுத்து யாரையும் நம்புவதில்லை. போலீஸ் தனிப்பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்து, கடைசியில் தன் மேலதிகாரி மீதே சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகம் சரியாகவும் போய்விட்டதால் வேலையை விட்டவர். இப்போது தென்காசியில் ஒரு தையல் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். வாசலில் போர்டு உண்டு. போர்டில் போன் நம்பர் கிடையாது. நம்பரைப் போட்டால் கண்டவனும் கூப்பிடுவான் என்பது அவர் கட்சி.

"கண்டவன் கூப்பிட்டாத்தான அண்ணாச்சி நமக்குச் சோறு?" என்று உதவியாளர் மாரிச்செல்வி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் படியேறி வந்த பெண்ணையும் அவர் நம்பவில்லை. இருபத்திரண்டு வயது இருக்கும். பெயர் ஃபாயிஸா, ஊர் கடையநல்லூர், படிப்பு கணிதம். கையில் இருந்த போனை ஏதோ சுடுகிற பாத்திரம் மாதிரி மேஜையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழம எனக்கு நிக்காஹ் சார். மாப்பிள்ள ஹம்தான், சவுதியில தம்மாம்ல இருக்காங்க. நேத்து என் போன்லருந்து அவங்களுக்கு ஒரு மெசேஜ் போயிருக்கு. சத்தியமா நான் அனுப்பல."

மாப்பிள்ளை படம் பிடித்துத் திருப்பி அனுப்பியிருந்த அந்தச் செய்தியை அச்சடித்தே கொண்டுவந்திருந்தாள். செல்வி வாசித்தாள்: "எனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதம் இல்ல. வீட்டுல கட்டாயப்படுத்துதாங்க. நீங்களாவே வேண்டாம்னு சொல்லிருங்க." புதன்கிழமை காலை பதினொன்று நாற்பத்திரண்டு.

"உன் போன்ல இது இருக்கா?" என்றார் சொரிமுத்து.

"இல்ல சார். அனுப்புனவங்க அழிச்சிருக்காங்க. மாப்பிள்ள வீட்டுலருந்து வந்து கேட்டப்பதான் எனக்கே தெரியும்."

"நான் அனுப்பலன்னு சொல்லிர வேண்டியதுதானட்டி?" என்றாள் செல்வி.

"சொன்னேங்கா. சொல்லச் சொல்லத்தான் மோசமாகுது. வீட்டுல மிரட்டி என்னச் சொல்ல வைக்காங்கன்னு நினைக்காங்க."

சிக்கல் அதுதான். பெண்ணின் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் செல்லாது. பள்ளிவாசல் ஹஜ்ரத் கண்டிப்பானவர். விஷயம் தெளியாமல் நடத்திவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஊர் ஜமாஅத்தில் பேசி முடிவெடுக்கிறார்கள். நாளைக்கு விமானம் ஏற வேண்டிய ஹம்தானோ, விருப்பமில்லாத பெண்ணைக் கட்டிக்கொள்ள வரமாட்டேன் என்கிறான். அவள் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அவள் பேச்சுக்கு மதிப்பில்லை.

"உனக்கு உள்ளபடியே சம்மதமா?" என்று செல்வி கேட்டாள்.

"ஆமாக்கா. ஆறு மாசமா பேசிட்டு இருக்கோம். நல்லவங்க. நல்லவங்கங்கதாலதான வரமாட்டேங்காங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சொரிமுத்து அழுகையை நம்புவதில்லை. முடியும்வரை காத்திருந்து கேட்டார்: "போனுக்குப் பூட்டு?"

"என் விரல் வச்சாத்தான் தொறக்கும். நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். அதான் சார் எல்லாரும் என்னையவே சொல்லுதாங்க."

"அந்த நேரத்துல நீ எங்க இருந்தே?"

"ஐந்தருவியில. தண்ணிக்குள்ள."

மொத்தம் நான்கு பேர் போயிருந்தார்கள். ஃபாயிஸா, அவள் அம்மா அலிமா, பெரியம்மா மகள் நூர்நிஷா, மாப்பிள்ளையின் அக்கா மிஸ்ரியா. அருவிக்குப் போகிற குடும்பங்களில் எப்போதும் ஒருவர் நனையாமல் கரையில் பையைக் காக்க வேண்டும். நேற்று மூன்று பேரும் முறை வைத்துக் காத்தார்கள். கல்யாணப் பெண்ணை மட்டும் ஆசை தீரக் குளிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"பதினொண்ணு நாப்பத்திரண்டுக்குப் பை யார் கையில இருந்துச்சு?"

"தெரியலயே சார். மணி பாக்கணும்னா போனப் பாக்கணும். போன் எல்லாம் பையில இருந்துச்சு."

சொரிமுத்து முதல் முறையாக அவளை மரியாதையோடு பார்த்தார். பிறகு போனை எடுத்து, திறக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"கண்ணாடி புதுசா ஒட்டினதா?"

"ஆமா சார். நேத்துதான், அருவிக்குப் போற வழியில டெம்பர் போட்டேன். போட்டதும் என் விரல எடுக்கல. கடைக்காரர் திரும்பப் பதிஞ்சு குடுத்தாங்க."

"ஒரு தூசி இல்ல. ஒரு குமிழி இல்ல. ரோட்டோரம் ஒட்டின கண்ணாடி இவ்வளவு சுத்தமா இருக்கக் கூடாது."

"சுத்தமா இருந்தாலும் சந்தேகமா அண்ணாச்சி?"

"சுத்தமா இருந்தாத்தான் சந்தேகம். ஸ்கூட்டர எடு செல்வி. அந்தக் கடைக்காரன் இவ விரலோட இன்னொரு விரலையும் சேத்துப் பதிஞ்சிருக்கான்."

போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஹம்தானின் நம்பரையும் பூட்டு நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டு ஃபாயிஸாவை வீட்டுக்கு அனுப்பினார். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

ஐந்தருவி சாலையில் சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. மங்குஸ்தான் கூறுகளுக்கும் எண்ணெய் மசாஜ் பலகைகளுக்கும் நடுவே, நீல தார்ப்பாய்க்குக் கீழே ஃபாயிஸா சொன்ன மாரியின் கடை. நனையாமல் போனைக் கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உறைகள், கவர்கள், கண்ணாடிகள். சீசன் முடிந்தால் கடையும் முடிந்தது.

செல்வி தன் போனை நீட்டினாள். "இது ஒடைஞ்சு ரெண்டு சீசன் ஆகுது. ஒட்டிக் குடுங்க. கையில கீறிக் கீறி எனக்கு ரேகையே மாறிப்போச்சு."

மாரிக்கு முப்பது வயது. வேலைக்காரன்தான். பழைய கண்ணாடியை நகம் கொடுத்து நெம்பி எடுத்தான். ஈரத் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தான். நீல ஸ்டிக்கரை அங்கங்கே ஒற்றி மிச்சத் தூசியை எடுத்தான். புதுக் கண்ணாடியை ஓரத்தில் மட்டும் பிடித்து, மேலே உள்ள ஓட்டைக்கு நேராகப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு விட்டான். நடுவில் ஒரு விரல் அழுத்தினான். பசை நாலு பக்கமும் தானாகப் பரவி ஓடியது.

"மழையில ஒட்டினா நிக்குமாடே?" என்றார் சொரிமுத்து.

"சாரல்தான் அண்ணாச்சி இந்த வேலைக்கு நல்லது. காத்துல தூசியே இருக்காது."

சொரிமுத்துவுக்கு ஒரு சந்தேகம் இப்படிப் பொசுக்கென்று தீர்ந்துபோனது பிடிக்கவில்லை. "விரல் பதிய வேண்டாமா?" என்றார்.

"அக்கா போன்ல விரல் வைக்க எடம் பின்னாடி இருக்கு. கண்ணாடிக்கு உள்ளயே இருக்க போனுக்குத்தான் திரும்பப் பதியணும். புதுக் கண்ணாடி மேல விரல் வச்சா பழைய விரல அதுக்கு அடையாளம் தெரியாது."

"இந்த மாதிரி போனுக்கா?" ஃபாயிஸாவின் போனை மேஜையில் வைத்தார்.

மாரியின் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போனது. "இது நான் ஒட்டினது இல்ல."

"நீ ஒட்டினேன்னு நான் சொல்லவே இல்லியே."

மாரி தார்ப்பாயைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். ஓடுகிற தூரம் இல்லை. கடையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற அளவில் இல்லை.

"எத்தன விரல் பதிஞ்சே?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி! அந்தப் பொண்ணு வெரல் மட்டுந்தான். வேணும்னா பாத்துக்கிடுங்க."

சொரிமுத்து பூட்டு நம்பரைப் போட்டுத் திறந்து, செட்டிங்கில் போய்ப் பார்த்தார். ஒரே ஒரு விரல்தான் பதிந்திருந்தது. தென்காசியிலிருந்து கட்டிக்கொண்டுவந்த சந்தேகம் அங்கேயே இடிந்து விழுந்தது. போனைப் பூட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு செல்வியிடம் கொடுத்தார்.

அவள் பையில் போடப் போனவள் அப்படியே நின்றாள்.

"அண்ணாச்சி. எனக்கும் தொறக்குது."

"என்னது?"

"பெருவிரல் பட்டுது. தொறந்துட்டு."

சொரிமுத்து வாங்கிப் பூட்டி, தன் சுண்டுவிரலை வைத்தார். திறந்தது. மாரியின் கையைப் பிடித்து இழுத்து அவன் நடுவிரலை வைத்தார். அதற்கும் திறந்தது.

"அருவிக்கரைக் குரங்கு வந்து வச்சாலும் தொறக்கும் போலுக்கே," என்றாள் செல்வி.

மாரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "இந்தத் தடவ வந்த சரக்கு அப்படி அண்ணாச்சி. கண்ணாடிக்கு அடியில மெத்துன்னு ஒரு பசத்தாள் இருக்கும். அதான் குமிழியே வராது. ஆனா அதுல பொடிப் பொடியாப் புள்ளி இருக்கு. பதியும்போது போன் வெரல விட்டுட்டு அந்தப் புள்ளியப் பதிஞ்சுக்கிடுது. பெறகு எவன் வெரல் வச்சாலும் அடியில அதே புள்ளிதான. நேத்து சாயங்காலம் ரெண்டு பேர் வந்து சண்ட போட்ட பெறகுதான் எனக்கே தெரியும். மிச்சத்தப் பூராத் தனியா எடுத்து வச்சிட்டேன். கடைய மூட வச்சிராதிய."

செல்வி ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள். "வாங்க அண்ணாச்சி, ஹஜ்ரத்துகிட்ட போய்ச் சொல்லுவோம். அந்தப் பூட்டு பூட்டே இல்லன்னு."

"சொன்னா? யாரு வேணும்னாலும் அனுப்பியிருக்கலாம்னு ஆகும். அந்த யாருல அவளும் உண்டுல்லா? கதவு தொறந்து கிடந்துச்சுன்னுதான் கண்டுபிடிச்சிருக்கோம். உள்ள போன ஆளக் காட்டணும்."

மணி ஒன்றரை ஆகியிருந்தது.

கடையநல்லூரில் அவர்கள் வண்டியை நிறுத்தியபோது மூன்றே கால். தெருவில் எங்கோ தறி ஓடுகிற சத்தம். ஃபாயிஸாவின் வீட்டு வாசலில் பந்தல் கால் நாலு நட்டு, மேலே ஒன்றும் போடாமல் நின்றது. போடுவதா பிடுங்குவதா என்று அஸருக்குப் பிறகுதான் தெரியும்.

அம்மா அலிமா கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. உட்காரச் சொல்லி உடனே டீ கொண்டுவந்தாள். சொரிமுத்து டீயை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே வைத்தார். செல்வி தன்னுடையதையும் அவருடையதையும் குடித்தாள்.

"நூர்நிஷாதான் அண்ணாச்சி," என்று அவர் காதோரம் சொன்னாள். "இந்த மாப்பிள்ளைய மொதல்ல அவளுக்குத்தான் கேட்டிருக்காங்க. பக்கத்து வீட்டுல விசாரிச்சிட்டேன்."

"மிஸ்ரியா?"

"அவ புருஷனோட தங்கச்சியத் தம்பிக்குக் கட்டி வைக்கணும்னு நின்னவ. அதுவும் பக்கத்து வீடுதான் சொல்லிச்சு. இந்தத் தெருவுல நாம எதுக்கு அண்ணாச்சி? அந்தப் பக்கத்து வீட்டையே துப்பறிய விட்டிருக்கலாம்."

முன் அறையில் செல்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று பேரையும் ஒவ்வொருவராக வரச் சொன்னார் சொரிமுத்து. ஃபாயிஸாவை உள்ளறையில் இருக்கச் சொல்லிவிட்டார். மேஜையில் அவள் போன், இருட்டாக, பூட்டியபடி.

நூர்நிஷா வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சண்டைக்கு ஆயத்தமாக நின்றாள்.

"நான்தான்னு எல்லாரும் நினைக்கியன்னு தெரியும்," என்றாள்.

"நான் நினைக்கல. ஹம்தான்கிட்ட ஒரு வார்த்த பேசணும். இந்தப் போன்லருந்து அவர் நம்பர எடுத்துக் குடும்மா."

அவள் போனைத் தொடவில்லை. "பூட்டியிருக்கே. அவள்லா வந்து தொறக்கணும்? கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். நீ போகலாம்."

செல்வி அவரை வெறித்துப் பார்த்தாள். இரண்டு தெரு தள்ளியிருந்து வந்திருந்த மிஸ்ரியா அடுத்து வந்தாள். தம்பி கல்யாணம் நிற்கிற நிலைக்கு வந்ததில் வருத்தம் முகத்தில் இருந்தது. வருத்தம் எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. அவளிடமும் அதே போனை நீட்டி, அதே நம்பரைக் கேட்டார்.

"தம்பி நம்பரா? என் போன்லயே இருக்கே," என்று தன் கைப்பையைத் திறந்தாள். சொரிமுத்து குறித்துக்கொள்ளவில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

"அண்ணாச்சி, நம்பர் நம்மகிட்டயே இருக்கு. ஃபாயிஸா எழுதிக் குடுத்தாள்லா? மணி நாலாகப் போகுது, என்ன செய்யுதிய?"

"டீ கிளாஸ் எடுக்க வருவாங்கல்லா, அவங்ககிட்டயும் கேப்போம்."

அலிமா வந்தாள். காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, "ஏதாவது தெரிஞ்சுதாங்க? எம்மகளுக்கு ஒண்ணும் வந்திராதே?" என்றாள்.

"தெரிஞ்சிரும்மா. மாப்பிள்ளைகிட்ட பேசணும். நான் படிக்கிற கண்ணாடி எடுத்துட்டு வரல. அவர் நம்பர இதுல எடுத்துக் குடுங்க."

அலிமா தட்டை வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். போனை எடுத்து, பெருவிரலை வைத்தாள். திறந்தது. ஹம்தான் பெயரைத் தேடி எடுத்து, அவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

சொரிமுத்து வாங்கவில்லை.

"பூட்டியிருந்துச்சேம்மா. உங்க விரலுக்குத் தொறக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நீட்டிய கை அப்படியே நின்றது. செல்வி பக்கத்து வீட்டுச் செய்திகளையெல்லாம் அந்த நொடியில் தூக்கி எறிந்தாள். இத்தனை பேரில் அந்தப் பூட்டை ஒரு பூட்டாகவே மதிக்காதவள் ஒருத்திதான். நேற்றிலிருந்து, மாப்பிள்ளை என்ன பதில் போட்டிருக்கிறான் என்று மகளுக்குத் தெரியாமல் எடுத்து எடுத்துப் பார்த்துப் பழகிய விரல்.

அலிமா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"மணி பாக்கத்தான் எடுத்தேன். லுஹர் தொழுகைக்கு நேரமாயிருச்சோன்னு. விரல் பட்டதும் தொறந்துக்கிட்டு. இவதான் எனக்கும் சேத்துப் பதிஞ்சு வச்சிருக்கான்னு நினைச்சேன். தொறந்தா அந்தத் தம்பி எழுதினது கிடக்கு. நாப்பது நாள் லீவு கிடைச்சிருக்கு, அடுத்தது ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்னு."

"அதனால?"

"எனக்கும் நாப்பது நாள் லீவுலதான் நிக்காஹ் வச்சாங்க. கல்யாணமாகி இருவத்திமூணு வருஷம். எங்க வீட்டுக்காரங்க என்கூட இருந்ததக் கூட்டிப் பாத்தா ஒண்ணரை வருஷம் தேறாது. இவ பொறந்தப்ப அவங்க இல்ல. எங்கம்மா மௌத்தாகி அடக்கம் பண்ணப்ப அவங்க இல்ல. ஆபரேஷனுக்கு நானே கையெழுத்துப் போட்டுட்டு நானே போய்ப் படுத்தேன். எம்மகளும் இப்படிக் கிடக்கணுமா? அந்தத் தம்பியாவே வேண்டாம்னு சொல்லிட்டா இவமேல பழி வராதுன்னு நினைச்சேன். இப்படி ஆவும்னு நினைக்கல."

உள்ளறைக் கதவில் ஃபாயிஸா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"இத ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்ல? சொன்னா உங்க அத்தாவக் குறை சொன்ன மாதிரி ஆயிருமே. அவங்க பாவம், அங்க வெயில்ல கிடந்து வேகுதாங்க."

"நீங்க வாயத் தொறக்காததுக்கு, ஊர்ல என் சம்மதத்தத் தேடிக்கிட்டு அலையுதாங்க!" கோபத்தில் அவள் குரல் உடைந்தது. அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். பிறகு ஹம்தானைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அந்த மெசேஜ் நான் அனுப்பல. யார் அனுப்புனது, ஏன் அனுப்புனதுன்னு அவங்களே ஹஜ்ரத்துகிட்ட வந்து சொல்லுவாங்க."

அலிமா தரையிலிருந்தபடியே தலையை ஆட்டினாள்.

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அப்பாடா. அப்ப உனக்குச் சம்மதம்தான?"

காலையிலிருந்து அவள் சொல்லத் துடித்த பதில். சொரிமுத்துவே அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"எனக்கு எப்ப விசா எடுப்பீங்க?"

"இப்ப இருக்க வேலையில குடும்ப விசா தரமாட்டாங்க ஃபாயிஸா. வேற எடம் பாத்துட்டு இருக்கேன். ஒரு வருஷம் ஆகலாம்."

"சரி. ஒரு வருஷத்துல ஒண்ணு நான் அங்கன வரணும், இல்ல நீங்க இங்கன வந்துரணும். அத உங்க கையால எழுதி, கையெழுத்துப் போட்டு ஹஜ்ரத்துக்கு அனுப்புங்க. நிக்காஹ்ல நிபந்தனையா வைக்கட்டும். அனுப்புனா எனக்குச் சம்மதம். இல்லன்னா அந்த மெசேஜ நான் அனுப்புனதாவே இருந்துட்டுப் போகட்டும்."

தம்மாமில் யாரோ பின்னால் ஹாரன் அடித்தார்கள். தறிச் சத்தம் நின்றிருந்தது. செல்வி சொரிமுத்துவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவரும் உதறவில்லை.

"பேப்பர் எடுத்துக்கிடுதேன்," என்றான் ஹம்தான். "என்ன எழுதணும்னு திரும்பச் சொல்லு."

நான்கு பத்துக்கு அந்தக் காகிதத்தின் படம் ஹஜ்ரத்துக்கும் வந்தது, ஃபாயிஸாவுக்கும் வந்தது. சொரிமுத்து அதை இரண்டு முறை படித்தார், கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், கடைசியில் குறை ஒன்றும் கிடைக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"ஹஜ்ரத்துகிட்ட நான் வருதேன்," என்று அலிமா எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாசலுக்குப் போகும் முன் தன்னுடைய போனை எடுத்து, நின்றபடியே யாரையோ கூப்பிட்டாள். எடுத்தது வெளிநாட்டில் இருக்கிற அவள் கணவன் துல்கர்னைன்; வெளியேவரை கேட்ட அவர் குரலில் பதற்றம் இருந்தது.

"இல்ல, ஒண்ணும் ஆகல. நிக்காஹ் நடக்கும். சனிக்கிழம வாரீங்கன்னு தெரியும். அதுக்குக் கூப்பிடல. இந்தத் தடவ வந்தா திரும்பிப் போகாதீங்க." அந்தப் பக்கம் அவர் என்னவோ கேட்டார். அலிமா மகளைப் பார்த்தாள். "ஆமா, இத்தன வருஷமா நான் கேக்கல. இப்பக் கேக்கேன்."